கோலா செப்பெத்தாங்: கடலோரக் காட்டில் கரி பிறக்கும் ஊர்

தைப்பிங் போகிறவர்கள் பெரும்பாலும் ஏரிப் பூங்காவையும் விலங்குத் தோட்டத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து காரில் அரை மணி நேரத்திற்குள் சென்றுவிடக்கூடிய கோலா செப்பெத்தாங், ஒரு நாள் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய ஊர்.

இந்த மீனவ ஊரின் பழைய பெயர் போர்ட் வெல்ட். ஈயத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டு வர, தைப்பிங்கிலிருந்து இங்கு அமைக்கப்பட்டதுதான் மலாயாவின் முதல் ரயில் பாதை. 1885 ஜூன் 1ஆம் தேதி திறக்கப்பட்ட அதை அமைத்தவர்கள் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட தொழிலாளர்கள். தண்டவாளம் இன்று இல்லை. நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது; அதில் தமிழிலும் ஊர்ப்பெயர் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஊருக்குச் சற்று முன்பாகவே கரிச் சூளைகள் வந்துவிடும். செங்கல்லும் களிமண்ணும் கொண்டு எழுப்பிய, கவிழ்த்த பானை போன்ற பெரிய கூடுகள் அவை. அலை ஏறும் நேரம் பார்த்துப் படகில் வரும் பக்காவ் கட்டைகளின் பட்டையை உரித்து, உள்ளே நிற்க வைத்து அடுக்குகிறார்கள். ஒரு சூளை சுமார் 40 டன் மரம் கொள்ளும். வாயிலில் மூட்டப்படும் தீ கட்டைகளைத் தொடுவதில்லை; அதன் வெப்பம்தான் மரத்திலுள்ள நீரை வெளியேற்றுகிறது. பத்து நாள் அளவுக்கு அப்படி எரிந்த பின் வாயிலைச் சுருக்கி மேலும் இரண்டு வாரம் வேகவிடுகிறார்கள். பிறகு முழுதாக அடைத்து ஒரு வாரத்திற்கு மேல் ஆறவிட வேண்டும். எப்போது அடைப்பது என்பதைச் சொல்வது புகைதான். அதன் நிறத்தையும் வாடையையும் வைத்தே அனுபவமுள்ளவர்கள் கணிக்கிறார்கள். கணிப்பு தவறினால் கட்டை சாம்பலாகும், அல்லது அரைவேக்காடாகும். ஏறத்தாழ ஒரு மாத உழைப்புக்குக் கிடைப்பது 10 டன் கரி. அதில் ஒரு பகுதி ஜப்பானுக்குப் போகிறது.

இவ்வளவு மரம் வெட்டினால் காடு என்னாவது என்ற கேள்வி எழும். சுமார் 40,000 ஹெக்டர் பரப்புள்ள மாத்தாங் காட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே முறை வைத்துத்தான் வெட்டுகிறார்கள். ஒரு பகுதியை வெட்டினால் மறு முறை அங்கு கோடரி விழ 30 ஆண்டு ஆகும். இடையில் 15ஆம், 20ஆம் ஆண்டுகளில் நெருக்கத்தைக் குறைக்க எடுக்கப்படும் மரங்கள் கட்டுமானக் கம்புகளாகின்றன. வெட்டிய இடத்தில் கன்று தானாக முளைக்காவிட்டால் நடுகிறார்கள். இறாலும் நண்டும் இந்த வேர்களுக்கிடையில்தான் வளர்கின்றன. ஆகவே காடு கெட்டால் கரியோடு மீனவர் பிழைப்பும் போகும்.

காட்டைவிட ஆளைப் பற்றித்தான் இப்போது கவலை. வெப்பமும் புகையும் சூழ்ந்த இந்த வேலைக்கு இளையோர் வர விரும்புவதில்லை. புகையைப் படிக்கும் பழக்கமோ புத்தகத்தில் கற்றுக்கொள்ளக்கூடியதல்ல.

காலையில் சென்றால் வெயில் குறைவு. சூளைக்குள் எட்டிப் பார்க்கும் முன் அங்குள்ளவர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது. வெள்ளைச் சட்டை வேண்டாம். மதியம் இறால் மீ சாப்பிட்டுவிட்டு, காட்டுப் பூங்காவின் பலகைப் பாதையில் நடக்கலாம். இருட்டும் வரை இருக்க முடிந்தால், மின்மினி பார்க்க ஆற்றில் படகு விடுகிறார்கள்.