மாம்பழ எடையில் ஒரு கரடி

ஜனவரி மாதம். வட அமெரிக்கக் காடொன்றில், மரப்பொந்துக்குள் ஒரு கருங்கரடி சுருண்டு கிடக்கிறது. அதன் வயிற்று ரோமத்துக்குள் புதைந்தபடி இரண்டு குட்டிகள். இன்னும் கண் திறக்கவில்லை. ஒவ்வொன்றும் கால் கிலோவுக்குச் சற்று மேல், ஒரு மாம்பழ எடைதான். பால் குடிக்கும்போது தேனீக்கூடு போல 'ம்ம்ம்' என்று ரீங்காரம் எழுப்புகின்றன.

தாய் கடைசியாகச் சாப்பிட்டது போன வருஷம். குளிர் முடியும்வரை தூக்கம்தான்; தீனி இல்லை, தண்ணீர் இல்லை, சிறுநீர்கூடக் கழிப்பதில்லை. வெளியே போகவேண்டிய யூரியாவை உடலே பிரித்துப் புரதமாக்கிக்கொள்கிறது. நாம் ஒரு மாதம் படுத்துக் கிடந்தால் எழுந்ததும் கால் தள்ளாடும். கரடிக்குத் தசை அவ்வளவாகக் கரைவதில்லை. அலாஸ்காவில் அளந்து பார்த்தார்கள்: நிமிடத்துக்கு 55 முறை துடித்த இதயம் 14-க்கு இறங்கியிருந்தது. (நம் காட்டுக் கரடி வேறு இனம், அது இப்படித் தூங்குவதில்லை.)

இதைவிட எனக்கு வியப்பு வேறொன்றில். கருங்கரடிகள் இணைசேர்வது கோடையில். ஆனால் கரு உடனே வளர்வதில்லை. சிறு உருண்டையாகக் கருப்பையில் மிதந்துகொண்டே காத்திருக்கிறது. நவம்பர் வாக்கில்தான் ஒட்டும். அதற்குள் தாய் பழமும் ஓக் கொட்டையும் தின்று கொழுத்திருக்க வேண்டும். கையிருப்பு போதாவிட்டால் கரு கரைந்துபோகும். ஓக் காய்க்காத வருஷத்தில் குட்டிகளும் குறைவு.

காட்டையே வெட்டிவிட்டால்? அமெரிக்காவின் லூசியானாவில் அதுதான் நடந்தது. ஆற்றோரக் காடுகள் வயல்களாயின, கரடிகள் அருகின. 1902-இல் பக்கத்து மிசிசிப்பியில், கட்டிப்போட்ட கரடியைச் சுடமாட்டேன் என்றார் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட். அந்தச் செய்தியிலிருந்து பிறந்த பொம்மைதான் உங்கள் டெடி பியர். பொம்மை உலகமெல்லாம் பெருகியது. லூசியானாக் கருங்கரடியோ 1992-இல் ஆபத்துப் பட்டியலில் ஏறியது.

கரடிகளை மறுபடி பரப்ப வேறு காட்டில் கொண்டுபோய் விட்டால், அவை பழைய இடத்துக்கே நடந்து வந்துவிடும். அதனால் 2001 முதல் வனவிலங்கு ஆய்வாளர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். குளிர்காலத்தில் தாயையும் குட்டிகளையும் சேர்த்தே தூக்கிப் புதிய இருப்பிடத்தில் வைத்தார்கள். குட்டிகளால் நடக்க முடியாது. அவற்றை விட்டுவிட்டுத் தாய் ஊர்திரும்பாது. நில உரிமையாளர்களும் வயல்களில் மறுபடி மரம் நட்டார்கள். 2016-இல் அந்தக் கரடியின் பெயர் பட்டியலிலிருந்து நீங்கியது.