காத்திருப்பும் ஒரு ஜெபமே

மருத்துவமனையில் பொழுது எளிதில் கழிவதில்லை. இரத்தப் பரிசோதனையின் முடிவு மாலையில் வரும் என்கிறார்கள். சதைப் பரிசோதனையின் அறிக்கைக்கு இன்னும் சில நாட்கள் ஆகும் என்கிறார்கள். அறுவை அரங்கின் கதவுக்கு வெளியே அமர்ந்திருப்பவருக்கு ஒரு மணி நேரம் ஒரு நாளாகத் தோன்றுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்வையாளர் நேரம் வரும்வரை, மடியில் சாப்பாட்டுத் தூக்குடன் படிக்கட்டிலேயே அமர்ந்திருக்கும் தாய்மார்களும் உண்டு. கர்த்தரை நம்பிக் காத்திருங்கள் என்று அவர்களிடம் சொல்வது எளிது. அந்தக் காத்திருப்பில் எப்படி ஜெபிப்பது, நன்றி சொல்ல மனம் வருமா என்பவையே கடினமான கேள்விகள்.

முறையிடுவது அவிசுவாசம் அல்ல

வேதாகமத்தின் 13-ஆம் சங்கீதம் மிகச் சிறியது. ஆறே வசனங்கள் கொண்டது. அதன் முதல் இரண்டு வசனங்களுக்குள், இந்த நிலை எதுவரைக்கும் என்று தாவீது நான்கு முறை கேட்கிறார். தேவன் தம்மை மறந்துவிட்டாரோ என்னும் ஐயத்தையும் அவர் மறைக்கவில்லை. ஆயினும் அச்சங்கீதம் நம்பிக்கையோடும் பாட்டோடும் நிறைவுறுகிறது. இடையில் அவருடைய சூழ்நிலை மாறியதாக ஒரு குறிப்பும் இல்லை. அவர் தம் துயரத்தைச் சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவிட்டார், அவ்வளவே நடந்தது.

ஆகவே, படுக்கையில் இருந்தபடி, "ஆண்டவரே, இன்னும் எத்தனை நாள்?" என்று நீங்கள் கேட்டால், அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. நம்பாதவர் தேவனிடம் முறையிடுவதில்லை. கேட்பார் ஒருவர் இருக்கிறார் என்று அறிந்தவரே முறையிடுகிறார். சொற்கள் வராத நாளில் விடும் பெருமூச்சையும் அவர் ஜெபமாக ஏற்றுக்கொள்கிறார்.

ஜெபமும் மருந்தும்

எசேக்கியா ராஜா மரணத்துக்கு ஏதுவான நோயில் கிடந்தபோது, சுவர்ப்புறமாகத் தம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அழுது ஜெபித்தார். அவருடைய ஆயுளோடு 15 ஆண்டுகள் கூட்டப்பட்டன என்று இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் கூறுகிறது. அதே பகுதியில் இன்னொரு செய்தியும் உண்டு. ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொன்னார். அதை ராஜாவின் பிளவையின்மேல் வைத்தார்கள். ஜெபத்துக்குப் பதில் தந்த தேவன், அக்காலத்தில் வழங்கிய மருந்தையும் ஒதுக்கவில்லை.

ஆதலால், ஜெபிக்கத் தொடங்கியதும் மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்திவிடுவதோ, இரத்தச் சுத்திகரிப்புக்கு வரவேண்டிய நாளைத் தவிர்ப்பதோ விசுவாசத்தின் அடையாளம் ஆகாது. இரவு இரண்டு மணிக்கு வந்து உங்கள் நாடியைப் பார்க்கும் செவிலியரின் கையும் தேவன் அளித்த கைதான்.

பதில் வேறாக வரும்போது

அப்போஸ்தலனாகிய பவுல் தம் சரீரத்திலிருந்த ஒரு முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, அதைத் தாங்குவதற்கான கிருபை கிடைத்தது. இத்தகைய பதிலை ஏற்பது எளிதன்று.

வேலூரில் பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸின் வாழ்வை நம்மில் பலர் அறிவோம். கேரளத்தைச் சேர்ந்த அவர், 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் முதுகுத்தண்டில் காயமுற்று, இடுப்புக்குக் கீழே இயக்கத்தையும் உணர்வையும் இழந்தார். அறுவைச் சிகிச்சைகளும், மாதக்கணக்கான படுக்கையும் தொடர்ந்தன. அவர் மீண்டும் நடக்கவில்லை. ஆனால், மருத்துவர் பால் பிராண்ட் அளித்த ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யத் தொடங்கினார். பின்னர் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் உருவான மறுவாழ்வு நிலையம் அவருடைய உழைப்பின் கனி. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

எல்லாருடைய துன்பமும் இவ்வாறு பெரும்பணியாக மலரும் என்று யாரும் வாக்களிக்க முடியாது. சிலர் குணமடைந்து வீடு திரும்புவார்கள். சிலர் நோயோடு வாழப் பழகுவார்கள். சிலரைக் கர்த்தர் தம்மிடம் அழைத்துக்கொள்வார். விரும்பிய பதில் கிடைக்காதபோது, உங்கள் விசுவாசம் போதவில்லை என்று எவரேனும் சொன்னால், அதை மனத்தில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். பிறவிக்குருடனைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இயேசு அந்தக் கேள்வியையே ஏற்கவில்லை.

ஒரே இரவில் நன்றியும் கண்ணீரும்

துன்பத்தில் நன்றி சொல்வது எப்படி? இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட இரவை நினைத்துப் பாருங்கள். அன்று பந்தியில் அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம் செலுத்தினார். சில மணி நேரத்துக்குள் கெத்செமனே தோட்டத்தில் முகங்குப்புற விழுந்து, இந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கும்படி வேண்டினார். நன்றி சொன்ன அதே நாவு கெஞ்சவும் செய்தது. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை.

புற்றுநோய்க்காக நன்றி சொல்லும்படி உங்களிடம் யாரும் கேட்கவில்லை. இன்று குமட்டலின்றி இறங்கிய இரண்டு வாய் கஞ்சிக்காக நன்றி சொல்லலாம். காய்ச்சல் ஒரு பாகை குறைந்ததற்காகவும், பக்கத்துப் படுக்கைக்காரர் பகிர்ந்துகொண்ட ஆரஞ்சுச் சுளைக்காகவும் சொல்லலாம். அழுகையோடு சொல்லப்பட்டாலும் அது துதியே.

உடனிருப்பவர்களுக்கு

யோபுவின் நண்பர்கள் ஏழு நாட்கள் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நற்செயல் அதுவே. காரணம் கூறத் தொடங்கியபோதுதான் தவறிப்போனார்கள். நோயாளி அழுதால் அழ விடுங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கேட்டால் மட்டும் ஜெபியுங்கள்.

உங்களுக்கும் களைப்பு வரும். கெத்செமனேயில் சீஷர்கள் உறங்கிவிட்டார்கள். ஆவி உற்சாகமுள்ளதாயினும் மாம்சம் பலவீனமானது என்பதை அவர்கள் ஆண்டவர் அறிந்திருந்தார். எனவே உறவினர் ஒருவரை ஓர் இரவு உடனிருக்கச் சொல்லி, வீட்டுக்குச் சென்று உறங்கி வாருங்கள். அது அன்புக் குறைவு ஆகாது.

இன்றிரவு விளக்கணைக்கும் முன் மூன்று காரியங்களைத் தேவனிடம் சொல்லிப் பாருங்கள்: எனக்கு எது வலிக்கிறது, எதற்காக ஏங்குகிறேன், இன்று எதைப் பெற்றுக்கொண்டேன். நீண்ட ஜெபம் வேண்டியதில்லை. தனியே ஜெபிக்க இயலாவிட்டால், செவிலியரிடம் சொல்லுங்கள்; மருத்துவமனைப் போதகர் உங்கள் படுக்கையருகே வந்து உங்களுக்காக ஜெபிப்பார். நீங்கள் உறங்கினாலும், உங்களைக் காக்கிறவர் உறங்குவதில்லை.