ஓ.டி.க்காகவா... உயிருக்காகவா?

காலை 10 மணி. ஆடிட்டோரியத்தில் வரிசையாகக் கட்டில்கள். மூலையில் பிஸ்கட், ஜூஸ். வாசலில் என்.எஸ்.எஸ். வாலன்டியர்கள். ‘‘மச்சி, ரத்தம் கொடுத்தா ரெண்டு ஹவர் ஓ.டி.யாம்டா!’’ என்று எங்கிருந்தோ ஒரு குரல். அடுத்த நிமிஷம் கடைசி பெஞ்ச் மொத்தமும் க்யூவில்!

சேலம், ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு என்று நம்ம ஏரியா கேம்பஸ்களுக்குப் பழகிப்போன காட்சிதான் இது. நல்ல விஷயமும்கூட. பைபாஸில் ஒரு விபத்து என்றால், சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனைக்கோ, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ ஓடுகிறோம். அங்கே ஃப்ரிட்ஜில் ரத்தம் தயாராக இருந்தாக வேண்டும். எந்த ஃபேக்டரியிலும் அதைச் செய்ய முடியாது. யாரோ ஒருத்தர் கை நீட்டினால்தான் உண்டு.

சரி, கை நீட்டுகிற நமக்கு அதைப் பற்றி என்ன தெரியும்?

தெம்பு போயிடுமா?

‘‘வேண்டாங் கண்ணு, ஒடம்புல தெம்பே இருக்காது!’’ - முகாம் என்றதும் பல வீடுகளில் அம்மாக்கள் சொல்கிற டயலாக் இதுதான். உடம்பில் ஓடுவது சுமார் 5 லிட்டர். எடுப்பது 350 மில்லி. 55 கிலோவுக்கு மேல் இருந்தால் 450 வரை. குறைந்த நீர்ச்சத்து ஓரிரு நாளில் திரும்பிவிடும். சிவப்பணுக்கள் சில வாரங்களில் ஊறிவிடும். வயது 18-க்கு மேல், எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருந்தால் ஓ.கே. பசங்க 90 நாளுக்கு ஒருமுறை, பொண்ணுங்க 120 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம்.

பொண்ணுங்க பலர் திருப்பி அனுப்பப்படுவது அந்த 12.5-ல்தான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15-லிருந்து 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. திருப்பி அனுப்பினால் அவமானப்பட வேண்டாம். டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று இலவசமாகக் கிடைத்த தகவல் அது!

படிக்காம டிக் அடிக்காதே!

பயத்தைவிடப் பெரிய பிரச்னை ஒன்று இருக்கிறது. ஊசி குத்துவதற்கு முன்னால் ஒரு ஃபாரம் தருவார்கள். மஞ்சள் காமாலை வந்ததா? டாட்டூ குத்தினாயா? மாத்திரை சாப்பிடுகிறாயா? ஒன்றையும் படிக்காமல் ‘இல்லை... இல்லை... இல்லை’ என்று சரசரவென டிக்! போன மாசம் குத்தின டாட்டூ ஃபுல் ஹேண்ட் சட்டைக்குள் ஒளிந்துகொள்ளும். (டாட்டூ குத்தினால் ஒரு வருஷம் வெயிட் பண்ணணும் பாஸ்!) ஹாஸ்டல் ட்ரீட்டில் நேற்று ராத்திரி குடித்ததும் மறைந்துபோகும். உண்மையைச் சொன்னால் ஓ.டி. போச்சே!

‘அதான் டெஸ்ட் பண்ணுவாங்களே’ என்கிறீர்களா? பண்ணுவார்கள். எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, சிஃபிலிஸ், மலேரியா என்று ஐந்து சோதனைகள் கட்டாயம். ஆனால், தொற்று ஏற்பட்ட புதிதில் டெஸ்ட்டுக்கே சிக்காத நாட்கள் உண்டு. டெஸ்ட் பண்ணுகிறவர்களும் மனிதர்கள்தான்.

2018 டிசம்பர். சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஏற்றப்பட்ட ரத்தத்தில் எச்.ஐ.வி. தமிழ்நாடே அதிர்ந்தது. அந்த ரத்தம் சிவகாசி அரசு மருத்துவமனையில் ஓர் இளைஞர் கொடுத்தது. அவருக்குத் தொற்று இருப்பதே அவருக்குத் தெரியாது. முன்பு ஒரு முகாமில் கொடுத்தபோதே சோதனையில் தெரிந்தும், தகவல் அவரிடம் போய்ச் சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்காக டெஸ்ட் எடுத்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. உடனே மருத்துவமனைக்கு ஓடிவந்து சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றியாகிவிட்டது. சில நாட்களில் அந்த இளைஞரும் உயிரோடு இல்லை.

இத்தனைக்கும் நடுவில் உண்மையைத் தேடிவந்து சொன்னது அந்த இளைஞர்தான். தப்பிக்க நினைத்திருந்தால் சும்மா இருந்திருக்கலாம்.

அதே ஃபாரத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு. ‘சோதனையில் ஏதாவது தெரிந்தால் உங்களுக்குத் தெரிவிக்கலாமா?’ அங்கே ‘ஆம்’ போடுங்கள். சரியான செல் நம்பரும் கொடுங்கள்.

‘நோ’ சொல்வதும் தானம்தான்!

ஒரு காலத்தில் இந்தியாவில் ரத்தத்தைக் காசுக்கு விற்றார்கள். காசு தேவைப்படுகிறவன் நோயைச் சொல்ல மாட்டான். அதனால்தான் உச்ச நீதிமன்றம் 1996-ல் தலையிட்டு, 1998 ஜனவரி முதல் அந்த வியாபாரத்துக்குத் தடை வந்தது. இப்போது யோசியுங்கள். காசுக்குப் பதில் ஓ.டி. என்றால், அதே ஆபத்து சின்ன சைஸில் திரும்ப வருகிறது, இல்லையா?

‘தன்னார்வம்’ என்றால் ‘இன்னிக்கு நான் கொடுக்கக் கூடாது’ என்று சொல்கிற தைரியமும் சேர்த்துதான். டாக்டரிடம் தனியாகச் சொல்லலாம். ரகசியம் காப்பது அவர் கடமை. க்யூவிலிருந்து விலகுகிறவனை ‘பயந்தாங்கொள்ளி’ என்று கலாய்க்காமல் இருப்பது நம் கடமை. முகாம் நடத்துகிற வாத்தியார்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஓ.டி. தருவதென்றால் கொடுத்தவருக்கும், திரும்பிப் போனவருக்கும் சேர்த்தே தாருங்கள்!

கொடுக்க முடிந்தவர்கள் முகாமோடு நிறுத்திவிடாதீர்கள். தட்டணுக்கள் 5 நாள்தான் தாங்கும். சிவப்பணுக்கள் 35-லிருந்து 42 நாள். ஏப்ரல், மே லீவில் காலேஜே காலியாக இருக்கும்போதும் பிரசவம் நடக்கும், விபத்து நடக்கும். அப்போது ஓ.டி. தர ஆள் இருக்காது. பக்கத்தில் நின்று செல்போனில் போட்டோ எடுக்கவும் ஆள் இருக்காது.

அன்றைக்கும் ரத்த வங்கியைத் தேடிப் போகிறீர்கள் பாருங்கள்... அதுதான் தானம்!