முதலுதவிச் சின்னத்துக்கு வயதாகக் கூடாது

1911-ல் அமெரிக்கச் சாரணர் இயக்கம் வெளியிட்ட கையேட்டில் 57 திறன் சின்னங்கள் இருந்தன. முதலுதவியும் அவற்றில் ஒன்று. அதைச் சட்டையில் தைத்துக்கொள்ள ஆசைப்பட்ட பையன், நீரில் மூழ்கியவருக்கு மூச்சு வரவழைக்கும் சில்வெஸ்டர் முறையையும் ஷாஃபர் முறையையும் செய்து காட்ட வேண்டும். ஓர் ஆளைத் தூக்கிக்கொண்டு ஏணியில் இறங்க வேண்டும். தலைக்கும் கணுக்காலுக்கும் கட்டுப் போட வேண்டும். வெறிநாய் விரலில் கடித்தால் என்ன செய்வது, மின்கம்பியில் மாட்டிக்கொண்டவரை எப்படி விடுவிப்பது, பீறிடும் ரத்தத்தை இறுக்குப் பட்டையால் எப்படி நிறுத்துவது என்பதெல்லாமும் அந்தப் பட்டியலில் அடக்கம்.

நூறு ஆண்டுகளுக்கும் மேல் கடந்துவிட்டன. நாய் இன்றும் கடிக்கிறது, மின்சாரம் இன்றும் தாக்குகிறது, குளத்தில் இன்றும் பிள்ளைகள் மூழ்குகிறார்கள். ஆனால் அன்று சரி என்று சொல்லிக்கொடுத்த சிகிச்சைகளில் பல இன்று தவறு. சாரணர் சின்னங்களின் தேர்வு விதிகளை ஏன் அடிக்கடி மாற்றுகிறார்கள் என்று அலுத்துக்கொள்ளும் பெற்றோரும் ஆசிரியர்களும் முதலுதவிச் சின்னத்தின் வரலாற்றை ஒருமுறை பார்த்தால் போதும்.

மூச்சு தந்த முறைகள்

சில்வெஸ்டர் முறை 1858-ல் வந்தது. மூழ்கியவரை மல்லாக்கப் படுக்கவைத்து, இரு கைகளையும் தலைக்கு மேல் இழுத்து, பிறகு மார்போடு சேர்த்து அழுத்துவார்கள். 1903-ல் வந்த ஷாஃபர் முறையில் ஆளைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகின் கீழ்ப்பகுதியை விட்டு விட்டு அழுத்த வேண்டும். 1950-களில் ஜேம்ஸ் ஈலம், பீட்டர் சாஃபர் ஆகிய மருத்துவர்கள், வாயோடு வாய் வைத்து ஊதுவதே மேலானது என்று ஆய்வில் காட்டினார்கள். 1960-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர், மார்பை வெளியிலிருந்தே அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தக்கவைக்கலாம் என்று வெளியிட்டார்கள். அங்கிருந்து வளர்ந்ததுதான் சிபிஆர் எனும் இன்றைய இதய மீட்பு முறை.

இன்று இந்தத் தேர்வுக்கு வரும் பிள்ளை பயிற்சிப் பொம்மையின் அருகே மண்டியிட வேண்டும். மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியைப் பதித்து, மறு கையை அதன்மேல் கோத்து, முழங்கை மடங்காமல் நேராக அழுத்த வேண்டும். ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, 6-ஐத் தாண்டவும் கூடாது. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலே எழ விட வேண்டும். ஒரு நிமிடத்தில் வியர்த்துவிடும். இரண்டாவது நிமிடத்தில் அழுத்தத்தின் ஆழம் குறையத் தொடங்கும். அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறச் சொல்கிறார்கள். புத்தகத்தில் படித்து ஒப்பித்தால் இது தெரியாது. தோளும் முதுகும் வலித்தால்தான் தெரியும்.

பெரியவர் ஒருவர் திடீரெனச் சுருண்டு விழுந்தால், பயிற்சி பெறாதவர் வாயால் ஊதாமல் மார்பை மட்டும் அழுத்தினாலே போதும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2008-ல் அறிவித்தது. ஆனால் நீரில் மூழ்கியவருக்கு இது போதாது. அவர் உடலில் ஆக்சிஜன் தீர்ந்திருக்கும். மூச்சு கொடுத்தே ஆக வேண்டும். இந்த வேறுபாட்டைப் பிரித்துச் சொல்லாத பட்டியல், குளத்தங்கரையில் நிற்கும் பிள்ளையைத் தவறாக வழிநடத்திவிடும்.

பாம்பும் நாயும் இறுக்குப் பட்டையும்

பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறி விஷத்தை உறிஞ்சு என்று சாரணர் கையேடுகளே பல பத்தாண்டுகள் சொல்லிக்கொடுத்தன. இன்று அது கூடவே கூடாது. கீறினால் ரத்தம் போகும், கிருமி ஏறும், நேரம் வீணாகும். விஷம் வெளியே வராது. கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டாமல், விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு விரைவதே முதலுதவி. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருப்பார்கள் என்று 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 2024-ல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய பாதிப்பாக அறிவித்தது. இப்படிப்பட்ட நாட்டில் பாம்புக்கடி பற்றிய ஒரு பழைய வரி, கையேட்டில் இருந்தாலும் ஆசிரியரின் நினைவில் இருந்தாலும், உயிரோடு விளையாடுவதுதான்.

வெறிநாய்க் கடிக்குக் காயத்தைச் சுட்டுத் தீய்ப்பது அந்தக் காலப் பழக்கம். இன்றைய விடை எளியது: ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், தாமதிக்காமல் தடுப்பூசிக்குப் போக வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கக் கூடாது.

புதுப்பிப்பது என்றால் பழையதைத் தூக்கிப் போடுவது என்று நினைப்பவர்களுக்கு இறுக்குப் பட்டையின் கதை நல்ல மறுமொழி. 1911 பட்டியலில் அது இருந்தது. பிற்பாடு, கை காலையே இழக்க நேரிடும் என்ற பயத்தில் முதலுதவிப் பாடங்கள் அதை ஒதுக்கின. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்க்களங்களில், சரியாகக் கட்டிய பட்டை உயிர் காத்தது என்று தெரிந்த பிறகு, அழுத்தியும் நிற்காத கடும் ரத்தப்போக்குக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு திரும்பி வந்திருக்கிறது. சான்று மாறினால் பாடமும் மாறும். சான்று திரும்பினால் பாடமும் திரும்பும். மின்கம்பி விஷயத்தில் அன்றும் இன்றும் அடிப்படை ஒன்றே: மின்சாரத்தைத் துண்டிக்காமல் ஆளைத் தொடாதே. அங்கே மாற்றம் தேவைப்படவில்லை.

பாதி வழியில் நிற்கும் பிள்ளை

இதய மீட்பு வழிகாட்டுதல்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பன்னாட்டு அளவில் திருத்தப்படுகின்றன. கடைசியாக 2025-ல் வந்தன. முதலுதவிச் சின்னமும் அந்த நடைக்கு ஈடுகொடுக்க வேண்டும். அப்போது ஒரு நியாயமான கேள்வி எழும்: பழைய விதிப்படி பாதி முடித்த பிள்ளை என்ன ஆவது? அமெரிக்க இயக்கத்தின் பொது விதியில், தொடங்கியபோது இருந்த பட்டியலையே முடிக்கலாம், விரும்பினால் புதியதற்கும் மாறலாம். பிள்ளையின் உழைப்பை மதிக்கும் விதி அது. தச்சு வேலைக்கும் தோட்டக்கலைக்கும் அது மிகப் பொருத்தம். முதலுதவிக்கு மட்டும், விதி எதுவானாலும், சொல்லிக்கொடுப்பவர் இன்றைய முறையைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அதே இயக்கத்தின் இன்னொரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. 'செய்து காட்டு' என்று எழுதியிருந்தால் செய்தே காட்ட வேண்டும். வாயால் சொன்னால் செல்லாது. பட்டியலில் இருப்பதைக் கூட்டவோ குறைக்கவோ உள்ளூர்த் தலைவருக்கு உரிமையில்லை. புதுப்பிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த வினைச்சொற்களைத்தான். 'அறிந்திருத்தல்', 'விளக்குதல்' என்று முடியும் வரிகள் பெருகினால் சின்னம் மனப்பாடத் தேர்வாகிவிடும். 'தூக்கு', 'கட்டு', 'அழுத்து', 'அழை' என்று முடியும் வரிகள்தான் நெருக்கடியில் கையை இயக்கும்.

நம் பள்ளிகளில்

முதல் உலகப் போர்க் காலத்திலேயே அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியச் சிறுவர்களுக்கெனச் சாரணர் சங்கம் தொடங்கியது சென்னையில்தான். 2025 தொடக்கத்தில் மணப்பாறையில் நடந்த பாரத சாரணர் வைர விழாப் பெருந்திரளணிக்கு நாடெங்கிலுமிருந்து பிள்ளைகள் வந்தார்கள். பிரதம சோபானில் தொடங்கி ராஜ்ய புரஸ்கார், ராஷ்டிரபதி விருது வரை ஏறும் நம் பிள்ளைகளின் படிகளில் முதலுதவி கூடவே வருகிறது. கழுத்து ஸ்கார்ஃபை அவிழ்த்து, முறிந்த கையைத் தாங்கும் தூளியாகக் கட்டும் பழக்கம் இன்றும் பயனுள்ளது, அது இருக்கட்டும். அதோடு நம் ஊருக்கு வேண்டியவையும் சேர வேண்டும்.

108-ஐ அழைத்து இடம், அடையாளம், அடிபட்டவரின் நிலை ஆகிய மூன்றையும் பதறாமல் சொல்லும் பயிற்சி. கிணற்றிலோ குளத்திலோ தத்தளிப்பவரை நோக்கிக் குதிக்காமல், வேட்டியையோ புடவையையோ கயிற்றையோ வீசும் பயிற்சி. தீக்காயத்தில் பற்பசையும் பேனா மையும் தடவாமல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டும் பழக்கம். சாலை விபத்தில் உதவுபவருக்கு 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது என்ற அறிவு. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இலவசமாகத் தருகிறது என்ற செய்தி. போலீஸ், கேஸ் என்று பயந்து பெரியவர்கள் ஒதுங்கும் இடத்தில், இதைத் தெரிந்துகொண்ட பதினான்கு வயதுப் பெண் முன்னால் போவாள்.

இதெல்லாம் தேர்வை எளிதாக்கும் வேலை என்று மூத்த சாரண ஆசிரியர்கள் சிலர் வருந்தலாம். உண்மையில் பொம்மையின் மேல் இரண்டு நிமிடம் விடாமல் அழுத்துவது பத்துப் பக்கம் எழுதுவதைவிடக் கடினம். பழைய திறன்களின் பெருமையைக் காக்கவும் வழி உண்டு. 2010-ல் நூற்றாண்டைக் கொண்டாடிய அமெரிக்க இயக்கம், கைவிட்ட நான்கு பழைய சின்னங்களை அந்தக் காலப் பட்டியலோடு ஓராண்டுக்கு மட்டும் திரும்பக் கொடுத்தது. மரபை அப்படிக் கொண்டாடலாம். உயிரைக் காப்பதற்கான பாடத்தை மரபு என்று சொல்லி நிறுத்திவைக்க முடியாது.

சட்டையில் இருக்கும் முதலுதவிச் சின்னத்தைப் பார்த்து, விபத்து நடந்த இடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் அந்தப் பிள்ளையை நம்பிவிடுவார். அந்த நம்பிக்கைக்குப் பொறுப்பு பிள்ளையுடையது மட்டுமல்ல, பட்டியலை எழுதியவர்களுடையதும்தான். சிபிஆர் திறன் பழகாவிட்டால் சில மாதங்களிலேயே மங்கும் என்பதால், ஒருமுறை தைத்த சின்னத்துக்கு ஆண்டுதோறும் மறுதேர்வு வைப்பதே முறை. உங்கள் வீட்டில் சாரணரோ சாரணியரோ இருந்தால், அவர்களின் லாக் புக்கில் முதலுதவிப் பக்கத்தை இந்த வாரம் திறந்து பாருங்கள். எந்த ஆண்டின் முறையைக் கற்றார்கள், கையால் செய்து பார்த்தார்களா, கடைசியாக எப்போது பழகினார்கள் என்று கேளுங்கள். விடை திருப்தி தராவிட்டால் அடுத்த முகாமுக்கு முன் சாரண ஆசிரியரிடம் பேசுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு செவிலியரை ஒரு மணி நேரம் அழைத்துவரச் சொல்லுங்கள். புதிய விதி அச்சாகி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.