காசு கட்டிய ரேடியோ: பாட்டு திடீரென்று நின்றது!

சந்தா கட்டினால்தான் பாடும் ரேடியோ! செயற்கைக்கோளில் இருந்து நேராக வீட்டுக்குப் பாட்டு அனுப்பியது "வேர்ல்டுஸ்பேஸ்" கம்பெனி. இதற்காக 2000-ம் ஆண்டு மார்ச்சில் "ஏசியாஸ்டார்" விண்ணில் ஏறியது. தமிழுக்கு "கே.எல். ரேடியோ" என்று தனி சேனல். விளம்பரத்துக்கு ஏ.ஆர்.ரகுமான்!

ஆனால் தனிப் பெட்டி வாங்க வேண்டும். ஜன்னலோரம் ஆன்டெனாவை வானம் பார்த்துத் திருப்பி வைக்க வேண்டும். ஓடுகிற வண்டியில் ஒழுங்காக எடுக்காது. எப்.எம்.மோ ஓசி! அப்புறம் யார் காசு கட்டுவார்கள்?

திவால் மனு

2008 அக்டோபரில் அமெரிக்க கோர்ட்டில் கம்பெனி திவால் மனு போட்டது. அப்போது உலகம் பூராவும் சந்தாதாரர்கள் சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேர்தான். 100-க்கு 96 பேர் இந்தியர்கள்! இதை வைத்து செயற்கைக்கோளுக்குத் தீனி போட முடியுமா?

2009 டிசம்பர் 31-ந்தேதியோடு இந்தியாவில் ஒலிபரப்பு நின்றது. முன்கூட்டியே சந்தா கட்டியவர்கள் கையைப் பிசைந்தார்கள். பெட்டி பரணுக்குப் போனது.

காரில் பிழைத்தது

அமெரிக்காவில் "சிரியஸ்", "எக்ஸ்.எம்." கம்பெனிகள் கார் தொழிற்சாலையிலேயே ரேடியோவைப் பொருத்த வைத்தன. கட்டிடம் மறைக்கும் நகரங்களில் தரையிலும் டவர் நட்டன. 2008 ஜூலையில் இரண்டும் ஒன்றாயின. அப்படியும் 2009 பிப்ரவரியில் திவால் வாசல் வரை போய்விட்டது. "லிபர்ட்டி மீடியா" 53 கோடி டாலர் கடன் கொடுத்துத்தான் காப்பாற்றியது.