பம்மல் மாடிப்படியில் எவரெஸ்ட் ஏறலாமா குட்டீஸ்?

பம்மலில் மொட்டை மாடி ஏறினால் பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் குன்றுகள் கண்ணில் படும். ‘எவரெஸ்ட் எங்கேயோ இருக்கு, நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று உங்கள் வீட்டுச் சுட்டி கேட்டால், பக்கத்தில் இருக்கும் பரங்கிமலையைக் காட்டுங்கள்.

1802 ஏப்ரல் 10-ம் தேதி, வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்தியாவை அளக்கும் பணியைத் தொடங்கியது அங்கேதான். முக்கோணம் முக்கோணமாக வடக்கே நகர்ந்த அந்த அளவைப் பணிதான், 50 ஆண்டுகள் கழித்து உலகின் உயரமான சிகரத்தை அடையாளம் காட்டியது. கணக்குப் போட்டவர் ராதாநாத் சிக்தர். சிகரத்துக்குக் கிடைத்ததோ ஜார்ஜ் எவரெஸ்ட்டின் பெயர்!

மலையேற்றத்தைப் படத்தில் பார்ப்பதைவிட செய்து பார்த்தால் பிள்ளைகள் மனதில் நன்றாகப் பதியும். தொடக்கப்பள்ளிக் குழந்தைகளோடு ஆசிரியர்களும் பெற்றோரும் செய்யக்கூடிய நான்கு விளையாட்டுகள் இதோ.

நிழலை அளப்போம்: காலை 9 மணி வாக்கில் ஒரு மீட்டர் குச்சியை வெயிலில் நடுங்கள். குச்சியின் நிழலும் ஒரு மீட்டர் ஆகும் நேரத்தில் மரத்தின் நிழலை அளந்தால், அதுதான் மரத்தின் உயரம். லாம்ப்டனுக்குக் கைகொடுத்ததும் முக்கோணக் கணக்குதான்.

படிகளை எண்ணுவோம்: எவரெஸ்ட்டின் உயரம் 8,848.86 மீட்டர். ஒரு படி 16 செ.மீ. என்றால் சுமார் 55,000 படிகள். 40 பேர் உள்ள வகுப்பில் ஆளுக்கு தினமும் 20 படி ஏறி, சார்ட்டில் கூட்டிக்கொண்டே வந்தால் 70 நாளில் சிகரம்!

சாக்ஸ் கையுறை: இரண்டு ஜோடி சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு, கயிற்றில் எட்டு வடிவ முடிச்சு போடச் சொல்லுங்கள். பனிமலையில் கையுறையைக் கழற்றினால் விரல் உறைந்துபோகும்.

ஒரே கயிறு: ஆறு பேர் ஒரே கயிற்றைப் பிடித்தபடி மைதானத்தைச் சுற்ற வேண்டும். யாரும் இழுக்கக் கூடாது. மெதுவாக நடப்பவரின் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். விசில் அடித்தால், எல்லைக்கோடு ஓர் அடி தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

இந்தக் கடைசி விளையாட்டுதான் முக்கியம். சென்னையின் தெற்குப் புறநகரில் குன்றுகளை வெட்டிய கல்குவாரிகள் பல, ஆழமான குட்டைகளாகக் கிடக்கின்றன. அங்கே குளிக்கப்போய் சிறுவர்கள் மூழ்கிய செய்திகளைப் படித்துக் கலங்கியிருக்கிறோம். ‘அந்தப் பக்கம் போகாதே’ என்று அதட்டினால் மட்டும் போதாது, சொல்லாமல் போய்விடுவார்கள். பெரியவர் துணையோடு போவது, பிரியாமல் நடப்பது, ஆபத்து என்றால் வெட்கப்படாமல் திரும்புவது... இவை மூன்றும் மலையேறுபவர்களின் விதிகள். விளையாட்டில் பழகிய பிள்ளைக்கு, நண்பர்கள் கூப்பிடும்போது ‘வேண்டாம்டா, வா போகலாம்’ என்று சொல்லத் துணிச்சல் வரும்.

எவரெஸ்ட்டைத் தொட்ட முதல் இந்தியப் பெண் பச்சேந்திரி பால், 12 வயதில் பள்ளிச் சுற்றுலாவில்தான் முதன்முதலில் மலை ஏறினார். அவர் சிகரம் தொட்டது 1984 மே 23. சரியாக 39 ஆண்டுகள் கழித்து, 2023-ல் அதே மே 23 அன்று, விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி அங்கே நின்றார். தமிழகத்திலிருந்து எவரெஸ்ட் ஏறிய முதல் பெண். இரண்டு குழந்தைகளின் அம்மா!

இன்று சாயங்காலம் பிள்ளைகளோடு மாடிக்குப் போகும்போது, படிகளை எண்ணிக்கொண்டே ஏறுங்கள்.