பவன்ஸ் ஜர்னல்: மும்பையில் பிறந்த பண்பாட்டு இதழ்

கே. எம். முன்ஷி 1938-இல் பம்பாயில் நிறுவிய பாரதிய வித்யா பவன், இந்தியச் சமயம், தத்துவம், கலை ஆகியவற்றைப் பொதுவாசகரிடம் கொண்டுசேர்க்கும் நோக்குடன் 1954-இல் ‘பவன்ஸ் ஜர்னல்’ என்னும் ஆங்கில இதழைத் தொடங்கியது. அதற்கு முன்பே, 1951-இல், ‘புக் யுனிவர்சிட்டி’ எனப்பட்ட மலிவுவிலை நூல்வரிசையின் முதல் நூலாக ராஜாஜியின் மகாபாரதத்தை பவன் ஆங்கிலத்தில் வெளியிட்டிருந்தது. அந்நூலுக்கு மூலமாக அமைந்தது, ‘கல்கி’ இதழில் ‘வியாசர் விருந்து’ என்ற பெயரில் தொடராக வந்த தமிழ்ப் படைப்பாகும். பம்பாயின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், ஆங்கிலப் பள்ளிகளில் பயின்று தமிழ் எழுத்தறியாமல் வளர்ந்த தலைமுறையினரும் இதிகாசங்களை அறிந்துகொள்ள இத்தகைய வெளியீடுகள் வழிவகுத்தன. சமய அறிவு மடங்களுக்கும் பண்டிதர்களுக்கும் மட்டுமே உரியதன்று, எளிய நடையில் எவருக்கும் கிடைக்க வேண்டியது என்ற கொள்கையை, அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் செயலில் காட்டியதே ‘பவன்ஸ் ஜர்னல்’ இதழின் பெருந்தொண்டு.